அக்காவுக்குப் போட்ட பட்டை

ஊரில் எந்த வண்டி ஆடினாலும் அவரிடம்தான் வரும். புகை கக்கினால் வேறு ஆள், பெயின்ட் உரிந்தால் வேறு ஆள். ஸ்டியரிங் நடுங்குகிறது, சீட்டில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வருகிறது என்றால் மட்டும், "ஆட்டக்காரர்கிட்ட கொண்டு போய் விடு" என்பார்கள். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கல்யாணம் பேசியபோது அவருடைய மாமனார், "மாப்பிள்ளை என்ன ஆட்டம் ஆடுவார்?" என்று கவலையோடு நாலு பேரிடம் விசாரித்தாராம். சீட்டாட்டமாக இருந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். இன்றைக்கும் கோபம் வந்தால் மனைவி, "எங்கப்பா அன்னிக்கே சந்தேகப்பட்டார்" என்பாள்.

அவர் வேலை பார்க்கிற முறையே தனி. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பின் சீட்டில் ஏறுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். காசு கொடுத்துத் தூங்க வைக்கிறோமோ என்று புது ஆட்களுக்குத் தோன்றும். கொஞ்ச தூரம் போனதும், "கையில தெரியுதா?" என்று கேட்பார். நடுக்கம் ஓட்டுகிறவர் கையில் தெரிந்தால் கோளாறு முன்பக்கம். பாதத்தில் ஏறினால் நடுவில். இடுப்பில் உதைத்தால் பின்பக்கம். அப்புறம் கண்ணைத் திறந்து, "சத்தம் கேட்கிற இடத்தை நம்பாதீங்க, அது வேற எங்கேயோ கிளம்பி அங்க வந்து நிக்கும்" என்பார். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வார். சொன்ன மனுஷனே அதை ஒருமுறை மறந்து, கொஞ்ச காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே மோசமாக ஆடுகிற வண்டி அவருடையதுதான். உயரமான, பெட்டி போன்ற பழைய ஜீப். வாங்கும்போதே பழசு. பின்னால் இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வலது பக்கம் சாய்ந்து நிற்கும். சின்னக் குழியில் இறங்கினாலும் பின்பக்கம் எகிறும். "டாக்டருக்கே காய்ச்சலா?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடிப்பார். அந்தக் கோளாறு எதனால் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அது அவர் கையாலேயே செய்தது.

அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தாள். காலையில் தம்பி கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் கூட்டி வர வேண்டும். நல்ல கனத்த உடம்பு. முன் சீட்டில் உட்கார மாட்டாள். "முன்னாடி உட்கார்ந்தா நீ ஓட்டுறதப் பார்க்கணும்டா தம்பி, எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு" என்று பின்னால் இடது பக்கம் ஏறிக்கொள்வாள். அந்த ஓரம் மட்டும் அமுங்கி, டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தது. அதற்காகத்தான் அவர் இடது பக்க ஸ்பிரிங்கில், ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பட்டைகளோடு, கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார். நீளமான, லேசாக வளைந்த இரும்புப் பட்டை. அது சேர்ந்ததும் அக்கா ஏறினால் வண்டி சமமாக நிற்கும், குழி மேடு எதுவும் தெரியாது. "எனக்குன்னு ஒரு எலும்பு போட்டிருக்கான் என் தம்பி" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். வண்டியை அடக்க அண்ணியால்தான் முடியும் என்பாள், நாத்தனாரை அண்ணி என்றே கூப்பிடுகிற அவர் மனைவி.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி போயிற்று. அவருக்கு மகள் பிறந்து வீட்டுக்கு வருகிற நாள். குழந்தையை முதலில் கையில் வாங்கியதே அக்காதான். வண்டியிலும் அவள் மடியில்தான் இருந்தது. செங்கல் சூளையைத் தாண்டும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இவளை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள். விளையாட்டா வினையா என்று தெரியவில்லை. தையல் வலியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "வேணும்னா நீங்க பெத்துக்கணும் அண்ணி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அக்கா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் வண்டியில் ஏறினால் குழந்தை அத்தை மடிக்குத்தான் போகும். வளர்ந்து மடியில் இடம் போதாமல் போன பிறகும் தலையை மட்டுமாவது அங்கே வைத்துத் தூங்கும். வீட்டில் அம்மா பிள்ளை, வண்டியில் அத்தை பிள்ளை என்று ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், அக்கா ஒரு சாயங்காலம் வேலை முடித்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகுதான் வண்டி ஆட ஆரம்பித்தது. பாரத்துக்காகப் போட்ட பட்டை, பாரம் இல்லாமல் விறைத்துக்கொண்டு நின்றது. கழற்றிப் போட்டால் ஒரு மத்தியான வேலை. அவர் செய்யவில்லை. ஏன் என்று மனைவி கேட்டபோது நேரமில்லை என்றார். நேரமில்லாதவர் அடுத்தவர் வண்டிகளை எப்படிப் பார்க்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் புரிந்துதான் இருந்தது.

மகள் முதல் முறை கர்ப்பமாகி இங்கே வந்திருந்தபோது ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது, ஒவ்வொரு உதறலுக்கும் அவள் முனகினாள். செங்கல் சூளை தாண்டியதும் ஆட்டம் நின்றது. சட்டென்று நின்றது. ரோடு அதே ரோடுதான், அதே குழிகள்தான். ஆனால் சக்கரம் குழியில் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. இடுப்பில் அந்தப் பழைய கனத்தை உணர்ந்தார். அக்கா ஏறினால் இருக்குமே, அந்தக் கனம். அந்த நேரத்தில் நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரியில், குழந்தை தங்கவில்லை என்றார்கள்.

இரண்டாவது முறையும் அப்படியே. அதே செங்கல் சூளை, அதே அமைதி, அதே பதில். திரும்பி வரும்போது அவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. கேட்டபோது கொடுக்காததை அக்கா இப்போது கேட்காமல் வந்து எடுத்துக்கொள்கிறாள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது? பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளைப் பற்றி!

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் கொட்டகைக்குள் போனதும் முதலில் வண்டியின் பின்பக்கம் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சாண் வைத்துப் பார்ப்பார். இடது பக்கம் விரல் அளவு தூக்கலாக இருந்தால் நிம்மதி. வண்டியை வெளியே எடுத்து, அது எகிறிக் குதித்தால் இன்னும் நிம்மதி. ஊரில் உள்ள ஆட்டத்தையெல்லாம் ஒழித்துக்கொண்டு, தன் வண்டி மட்டும் ஆட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

மூன்றாவது முறை மகள் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதிரக் கூடாது. வலி வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஊர்ல எவன் வண்டியோ பட்டு மாதிரி ஓடுது. நம்ம பொண்ணு மட்டும் முறத்துல போட்ட மாதிரி புடைபட்டுக்கிட்டுப் போகணுமா?"

"வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கலாம்" என்றார்.

"மழை பெஞ்சா தரைப்பாலத்துல எந்தக் கார் போகும்? உங்க வண்டி ஒண்ணுதான் உயரம். ரிப்பேர் பண்ணுங்க."

பண்ணினார். சக்கரங்களைக் கழற்றிப் பேலன்ஸ் பார்த்தார், ஒரு சக்கரம் வளைந்திருந்தது, மாற்றினார். எண்ணெய் கசிந்துகொண்டிருந்த ஷாக் அப்சார்பர்களைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினார். ஸ்டியரிங் மூட்டுகள், தேய்ந்துபோன ரப்பர் புஷ்கள், என்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகள் எல்லாம் புதுசு. கையில் இருந்த நடுக்கம் போயிற்று. பாதத்தில் ஏறிய நடுக்கமும் போயிற்று. பின்பக்கம் மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. மனைவி ஒரு நாள் தானே பின் சீட்டில் ஏறி, அவரைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடுப்புல உதைக்குது" என்றாள். "பின்னாடிதான். இடது பக்கம்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அண்ணி பட்டையக் கழட்டுங்க. அவங்க இருந்திருந்தா அவங்களே கழட்டச் சொல்லியிருப்பாங்க."

பட்டையைக் கழற்றினால் வண்டி எப்போதும் மெத்தென்று போகும் என்பது அவருக்குத் தெரியாதா? நாளைக்கு என்று தள்ளினார். மறுநாளும் நாளைக்கு என்றார்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலை கொட்டகைக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். தகரக் கூரை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் வண்டி நேராக நின்றது. சாயவில்லை. குனிந்து சாண் வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. தரை சரிந்திருக்குமோ என்று பார்த்தார், டயரில் காற்று இறங்கியிருக்குமோ என்று அமுக்கிப் பார்த்தார். இல்லை. இடது கதவைத் திறந்தார். சீட்டு நடுவே அமுங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ரெக்சின் கீழே போகவில்லை, ஏற்கெனவே அழுந்தியிருப்பது போல இறுகியிருந்தது. ஆஸ்பத்திரி பினாயில் வாடை லேசாக அடித்தது. அது பழைய சீட்டில் ஊறிக் கிடந்த வாடையாகவும் இருக்கலாம்.

"அக்கா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இறங்கிடு அக்கா. இந்தத் தடவை வேண்டாம்."

ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குள் மகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். மிக்சி ஓடி நின்றது.

அன்றைக்கே ஜாக்கியை வைத்தார். காலி வண்டிதான், ஆனால் ஜாக்கி கஷ்டப்பட்டு ஏறியது, ஒவ்வொரு அழுத்துக்கும் முனகியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டியிருந்த யூ போல்ட்டுகளைத் தளர்த்தினார். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த நடு போல்ட்டை உருவி, நடுவிலிருந்து அந்த ஒரு பட்டையை மட்டும் வெளியே இழுத்தார். கையில் வாங்கும்போது அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த இரும்பு என்றால் சரி, நிழலில் நின்ற வண்டியின் அடியில் இருந்த இரும்பு ஏன் சுட வேண்டும்? அதைக் கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு, மற்றதை முடுக்கி, ஜாக்கியை இறக்கினார். இரண்டு பக்கமும் ஒரே சாண். பட்டை இல்லாமல், பாரம் இல்லாமல், எப்படி நிற்க வேண்டுமோ அப்படி. சீட்டும் பொம்மென்று எழும்பியிருந்தது.

ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி போயிற்று. மனைவி முகம் மலர்ந்தது. மகள் வந்து வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவர் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் திரும்பி வருகிற வழியில்தான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. முன்பெல்லாம் வண்டி ஆடினால் அக்கா இல்லை, அடங்கினால் இருக்கிறாள். இனிமேல் வண்டி எப்போதும் அடங்கித்தான் ஓடும். ஓடுகிற வண்டியில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

மழை பிடித்துக்கொண்டது. மகளுக்கு வலி வந்த மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், தண்ணீர் வடிந்தால்தான் இக்கரைக்கு வர முடியும் என்றார்கள். மகளைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். கால் வலது பக்கம் அம்மா மடியில், தலை இடது ஓரத்தில் தலையணையில். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார், பின் சீட்டு தெரியாதபடி.

செங்கல் சூளை வந்தது, போனது. ஒன்றும் மாறவில்லை. மாறினாலும் தெரியாது என்பதுதான் கொடுமை. பின்னால் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று காதைக் கொடுத்தார். மகளுடைய மூச்சு, மனைவியுடைய மூச்சு, வைப்பர் அடிக்கிற சத்தம். அதற்கு மேல் எண்ணப் பயந்து நிறுத்திக்கொண்டார்.

தரைப்பாலத்தின் மேல் ஆறு போய்க்கொண்டிருந்தது. ஓரக் கற்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. முன்னால் ஒரு லாரி மெதுவாகத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டு, கியரைக் குறைத்து இறங்கினார். பாதி வரை நன்றாகவே போயிற்று. அப்புறம் இடுப்பில் ஒன்று உணர்ந்தார். பின்பக்கம் லேசாகிறது. முன்னால் என்ஜின் கனம் இருக்கிறது, சக்கரம் தரையைப் பிடிக்கிறது. பின்னால் இரண்டு பேரைத் தவிர காலிப் பெட்டி. இடம் வேண்டுமென்று ஸ்டெப்னி டயரையும் சாமான் பெட்டியையும் வேறு இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். தண்ணீர் அந்தப் பெட்டியைத் தூக்கியது. வண்டியின் வால் மெதுவாக, அவசரமே இல்லாமல், பாலத்தின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் தண்ணீரில் வெறுமனே சுற்றியது.

"என்னங்க" என்றாள் மனைவி.

ஓரக் கல்லில் ஏதோ உரசியது. கனம் வேண்டும். பின்னால் இடது பக்கம் கனம் வேண்டும். அந்த இடத்துக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அளவோடு தெரியும். யாரை வராதே என்று பட்டையைக் கழற்றி எறிந்தாரோ, அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

"அக்கா" என்று கத்தினார். "ஏறிக்க அக்கா."

மனைவி அவர் முதுகையே பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அவர் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு நொடியில் புரிந்துகொண்டாள் போல. மகளுடைய கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் தலை வைத்திருந்த அந்த இடது ஓரத்தைப் பார்த்து, ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஏறுங்க அண்ணி."

வண்டி அமுங்கியது. பின்னால் யாரோ மூட்டை இறக்கியது போல அமுங்கியது. இடது பக்கம் சாய்ந்தது, மட்கார்டில் டயர் உரசுகிற சத்தம் கேட்டது. சக்கரம் கல்லைப் பிடித்தது, பிடித்துத் தள்ளியது. அக்கரை ஏறும் வரை அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

மகள் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் வலி இருந்தது, பயம் இல்லை. மனைவியின் கண் அந்தத் தலையணை மேலேயே நின்றது. தலையணையில் தலை அழுந்தியிருக்க வேண்டிய அளவுக்கு அழுந்தவில்லை. யாரோ அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருப்பது போல உயர்ந்து இருந்தது.

ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் இடது கதவைத் திறந்துதான் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். மனைவியும் கூடவே உள்ளே ஓடினாள். அவர் மட்டும் திறந்த கதவின் பக்கத்தில் நின்றார். வண்டி காலி. ஆனால் இடது பக்கம் அமுங்கியே இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. வண்டி மெல்ல எழும்பி நேரானது. அந்தச் சத்தத்தை அவர் ஆயிரம் காலைகளில் இதே இடத்தில் கேட்டிருக்கிறார். அக்கா இறங்கி, புடவையை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போவாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நானே கூப்பிட்டு ஏற்றி, நானே கொண்டுவந்து இறக்கி, கதவையும் திறந்துவிட்டிருக்கிறேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். பிரசவ வார்டின் ஆடும் கதவு அப்போதுதான் யாரோ நுழைந்தது போல முன்னும் பின்னும் ஆடி நின்றது. உள்ளே விட மாட்டோம் என்றார்கள். கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். மழைத்தண்ணீர் உடம்பிலிருந்து சொட்டிக் காலடியில் குளமானது. மாப்பிள்ளை வந்து சேர்ந்து ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

"குழந்தைய விட்டுடு அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தமாகச் சொல்கிறோமா மனதுக்குள் சொல்கிறோமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ, உள்ளே ஒரு அழுகை கேட்டது. கோபமான, நல்ல தெம்பான அழுகை. கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். "பொண்ணு" என்றாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது.

"இந்தத் தடவையும் நல்லா ஓட்டினீங்கப்பா."

"இந்தத் தடவையும்னா?"

"முன்ன ரெண்டு தடவையும்தான். கிளம்புறப்போ தூக்கித் தூக்கிப் போடும். சூளை வர்றதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுடும்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றது, பேசாமக் கிடப்பேன். அதுக்கப்புறம்தான் வண்டி அமைதியாகும். தலைக்கு அடியில மெத்துனு ஆயிடும். சின்ன வயசுல அத்தை மடியில படுத்துக்கிட்டு வருவேன்ல, அதே மாதிரி. அது மட்டும் இல்லேன்னா அன்னிக்கு நான் பொழைச்சிருக்க மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிந்துபோன பிறகுதான் அக்கா ஏறியிருக்கிறாள். எடுத்துக்கொள்ள ஏறவில்லை. தாங்கிக்கொள்ள ஏறியிருக்கிறாள். சத்தம் கேட்ட இடத்தில் கோளாறைத் தேடி, ஊருக்கெல்லாம் சொன்னதைத் தானே மறந்து, வளர்த்தவளைத் திருடி என்று நினைத்து, அவள் இடத்தையும் பிடுங்கி இரும்புக் குவியலில் எறிந்திருக்கிறார். மகள் முன்னால் அழக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை, அழுதார். பிரசவம் நல்லபடியாக முடிந்த சந்தோஷம் என்று நினைத்து மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆறு வடிந்ததும் வீட்டுக்கு வந்து, குவியலில் கிடந்த பட்டையைத் தேடி எடுத்தார். மழையில் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். மனைவி வந்து குந்தி, கேட்காமலே ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தாள். பட்டை பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கியதும் வண்டி வலது பக்கம் சாய்ந்து நின்றது. காலி.

"வரலையே" என்றார்.

"வேலை முடியல போல" என்றாள் மனைவி.

மகளையும் குழந்தையையும் கூட்டி வரப் போன சாயங்காலம் வண்டி வழியெல்லாம் எகிறியது, ஒரு குழியில் அவர் தலை கூரையில் இடித்தது. வார்டில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை முன்னால் ஏறிக்கொண்டார். மனைவி வலது ஓரத்தில் நெருங்கி உட்கார்ந்து, மகளை நடுவில் ஏற்றினாள். இடது ஓரம் காலியாக இருந்தது. மாப்பிள்ளை மாமியாரைத் திரும்பிப் பார்த்து, "தள்ளி உட்காரலாமே அத்தை, இடம் இருக்கே" என்றார். மனைவி நகரவில்லை.

அவர் இடது கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க" என்றாள் மனைவி. "கொஞ்சம் இருங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தக் காலத்தில் தினமும் நின்றது போல. உள்ளேயிருந்து கடைசி ஆளும் வந்து போனார். வாட்ச்மேன், இன்னும் யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்பது போலப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. வண்டி இடது பக்கம் இறங்கிச் சமமாக நின்றது. சீட்டின் ரெக்சின் மெல்ல அமுங்கியது. மகள் ஒன்றும் கேட்காமல், துணியில் சுற்றிய குழந்தையை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து பாரம் குறைந்தது அவருக்குத் தெரிந்தது.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தார். வீடு வரை வண்டி ஆடவே இல்லை.